திருக்கை என்பது ஒரு மீனின் பெயர் அன்று

1862ஆம் ஆண்டில் ஜகார்த்தா நகரின் மீன் சந்தையில் சிறிய திருக்கை மீன் ஒன்று சேகரிக்கப்பட்டது. டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்த அந்த நகருக்கு அப்போது பட்டாவியா என்று பெயர். உணவுத் தட்டின் அளவே இருந்த அந்த மீனை 1864இல் ஜெர்மானிய விலங்கியல் அறிஞர் எடுவர்ட் ஃபான் மார்ட்டென்ஸ் ஒரு புதிய இனமாக விவரித்து எழுதினார். ஜாவா ஸ்டிங்கரீ என்று இன்று அழைக்கப்படும் அந்த இனத்தைச் சேர்ந்த இன்னொரு மீனை அதன் பிறகு எவரும் பார்க்கவில்லை. நூற்று அறுபது ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில், அந்த இனம் முற்றிலும் அற்றுப்போய்விட்டதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. மனிதச் செயல்களால் உலகிலிருந்தே மறைந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட முதல் கடல் மீன் இதுதான். ஜாவாவின் வடகரையில் கட்டுப்பாடின்றி நடந்த மீன்பிடிப்பும், கரையோர வாழிடங்களின் சிதைவும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

ஓர் இனம் முழுவதையும் பற்றி நமக்கு எஞ்சியிருக்கும் சான்று, யாரோ ஒருவர் சந்தையில் உற்றுப் பார்த்து எடுத்துவைத்த ஒரே ஒரு மீன். அன்றைய தினம் அவர் வேறு பக்கம் திரும்பியிருந்தால், அப்படியோர் உயிர் இருந்தது என்பதும் நமக்குத் தெரிந்திராது. அது அழிந்தது என்பதும் தெரிந்திராது. காசிமேட்டிலோ தூத்துக்குடியிலோ விடியற்காலையில் ஏலத்துக்கு வரும் திருக்கைக் குவியலைப் பார்க்கும்போது இந்த எண்ணத்தைத் தவிர்க்க முடிவதில்லை. குழம்புக்கு நல்லது, முள் இல்லை, குழந்தைகளுக்கும் கொடுக்கலாம் என்று வாங்கிச் செல்லும் நமக்கு அது 'திருக்கை'. ஆனால், அந்தக் குவியலில் நான்கைந்து இனங்கள் இருக்கக்கூடும். அவற்றுள் ஒன்று அருகிவரும் இனமாகவும் இருக்கக்கூடும்.

உலகில் இதுவரை அறியப்பட்ட திருக்கை வகைகள் அறுநூற்றுக்கும் மேல். சுறாக்களைவிட இவை அதிகம். பொதுமக்களின் அச்சமும் ஆர்வமும் முழுவதும் சுறாவின் பக்கமே சென்றுவிட்டதால் இந்த உண்மை பலருக்குத் தெரியாது. இரண்டும் நெருங்கிய உறவினர். இரண்டுக்கும் எலும்பு கிடையாது, உடற்சட்டம் முழுவதும் குருத்தெலும்பு. சுறாவைக் கனமான பலகைக்கு அடியில் வைத்து அழுத்தியது போன்றது திருக்கை என்று சொல்வதுண்டு; அது முழுவதும் சரியன்று. மார்புத் துடுப்புகள் அகன்று, தலையோடு ஒட்டி, உடலே ஒரு தட்டாகிவிட்ட மீன் அது. வாயும் செவுள் துளைகளும் அடிப்பக்கம்; கண்கள் மேற்பக்கம். மணலுக்குள் புதைந்து கிடக்கும்போது வாய்வழியாக நீரை உள்ளிழுத்தால் மணலும் சேர்ந்து வரும் அல்லவா? அதற்காகக் கண்ணுக்குப் பின்னால் ஒரு துளை. அதன் வழியாகத் தெளிந்த நீரை இழுத்து, அடியிலுள்ள செவுள்களின் வழியாக வெளியேற்றுகிறது.

இந்த அமைப்பில் ஒரு விசித்திரமும் உண்டு. தன் இரையைத் தானே பார்க்க முடியாத மீன் இது. கண் மேலே, வாய் கீழே. ஆகவே பார்வையை நம்பாமல் மணத்தையும் மின்னையும் நம்பி உண்கிறது. உயிருள்ள எந்த உடலும் நீரில் மிக நுண்ணிய மின்புலத்தை உண்டாக்குகிறது. திருக்கையின் முகத்தில் சிறு துளைகளாகத் தெரியும், கூழ் நிரம்பிய நுண்குழல்கள் அந்த மின்புலத்தை உணர்கின்றன. 1678இல் இத்தாலிய மருத்துவர் ஸ்தெஃபானோ லோரன்சினி இவற்றை விவரித்ததால் 'லோரன்சினியின் குடுவைகள்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. மணலுக்குள் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் நண்டு, கண்ணுக்குத் தெரியாமலேயே திருக்கையிடம் அகப்படுவது இப்படித்தான்.

மின்னை உணர்வது ஒரு பக்கம். மின்னை உண்டாக்கும் திருக்கைகளும் இருக்கின்றன. மின்திருக்கையின் உடலில் தலைக்கு இருபுறமும் சிறுநீரக வடிவில் இரண்டு மின்னுறுப்புகள் உண்டு. தசையணுக்களே உருமாறித் தட்டுகளாகி, நாணயங்களை அடுக்கியது போல அடுக்கப்பட்டிருக்கும். அட்லாண்டிக் பெருங்கடலின் பெரிய மின்திருக்கை ஒன்று 200 வோல்ட் அளவுக்கு அதிர்ச்சி கொடுக்கவல்லது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கையை நெற்றியில் வைக்கச் சொல்லியிருக்கிறார். கீல்வாதத்துக்கு அதன்மேல் காலை வைத்து மரத்துப்போகும்வரை நிற்க வேண்டும் என்பது அவருடைய இன்னொரு மருந்து. மரத்துப்போதல் என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்துதான் 'டார்பிடோ' என்று அந்த மீனுக்குப் பெயர் வந்தது. போர்க் கப்பல்களைத் தகர்க்கும் ஆயுதத்துக்கு அந்தப் பெயர் பிற்காலத்தில்தான் போயிற்று.

அந்த மீன் தருவது மின்சாரம்தான் என்பதை 1770களில் ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேயர் பிரான்சின் கடற்கரையில் சோதித்துக் காட்டினார். அதை நம்பாதவர்களுக்காக ஹென்றி கேவண்டிஷ் தோலால் ஒரு செயற்கை மின்திருக்கையைச் செய்து, மின்தேக்கிகளோடு இணைத்து, தொட்டவர்களுக்கு அதே அதிர்ச்சி ஏற்படுவதை மெய்ப்பித்தார். 1800இல் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா, உலோகத் தட்டுகளை அடுக்கி உலகின் முதல் மின்கலத்தை உருவாக்கினார். அதைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் அதை அவர் மின்திருக்கையின் உறுப்போடு ஒப்பிட்டு, 'செயற்கை மின்னுறுப்பு' என்றே அழைத்தார். நம் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியின் மின்கலத்துக்கு மூதாதை ஒரு மீன் என்று சொன்னால் அது மிகையாகாது. அத்துடன் முடியவில்லை. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போகும்போது அதைப் பெற்றுக்கொள்ளும் புரதத்தை விஞ்ஞானிகள் பிரித்தெடுத்து ஆராய முடிந்ததும், மின்திருக்கையின் உறுப்பில் அது மிகுதியாகச் செறிந்திருந்ததால்தான்.

தமிழ்க் கடற்கரையில் திருக்கை என்றதும் நினைவுக்கு வருவது வேறொன்று: வால். திருக்கை வாலால் அடித்த அடி என்றால் பழைய தலைமுறைக்கு உடல் நடுங்கும். அந்த வாலைச் சவுக்காக்கி வைத்திருந்த கதைகள் பல ஊர்களில் உண்டு. வாலின் மேல் இருக்கும் முள் இருபுறமும் அரம் போல் கருக்குடையது. அதைச் சுற்றி நஞ்சுள்ள திசு. 2006இல் ஆஸ்திரேலிய இயற்கை ஆர்வலர் ஸ்டீவ் இர்வின் இறந்தது அந்த முள் மார்பில் பாய்ந்ததால்தான். அந்த ஒரு மரணம் திருக்கைக்குப் பெற்றுத்தந்த கெட்ட பெயர் மிகப் பெரிது. உண்மையில் அது தாக்கும் மீன் அன்று, மிதிபடும் மீன். ஆழம் குறைந்த நீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்து நடந்தால் அது முன்கூட்டியே விலகிப் போய்விடும். காலில் குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூடுள்ள நீரில் ஒரு மணி நேரம் வரை அமிழ்த்தி வைப்பது வலியைத் தணிக்கும். நஞ்சு புரதத்தால் ஆனது, சூட்டில் அது செயலிழக்கும். ஆனால், மார்பிலோ வயிற்றிலோ முள் பாய்ந்திருந்தால் அதைப் பிடுங்கக் கூடாது; அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

வாலில் முள் இல்லாத திருக்கைகளும் ஏராளம். ஆங்கிலத்தில் ஸ்கேட் எனப்படும் இனங்கள் பார்வைக்குத் திருக்கை போலவே இருந்தாலும், வால் தடித்து, முதுகில் சிறு முட்களோடு இருக்கும். நஞ்சு முள் இராது. இவை பெரும்பாலும் குளிர்ந்த கடல்களிலும் ஆழ்கடலிலும் வாழ்பவை. மிக முக்கியமான வேறுபாடு பிறப்பில் இருக்கிறது. மற்ற திருக்கைகள் எல்லாம் குட்டி போடுகின்றன, ஸ்கேட்கள் முட்டையிடுகின்றன. நான்கு மூலைகளிலும் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும் கறுத்த தோல் பை போன்ற அந்த முட்டைகள் ஐரோப்பியக் கடற்கரைகளில் ஒதுங்கும்போது 'கடற்கன்னியின் பணப்பை' என்று பிள்ளைகள் பொறுக்கி எடுப்பார்கள். முட்டை பொரிய ஆகும் காலம்தான் வியப்பு. சில இனங்களுக்கு ஒன்றரை ஆண்டு. ஆழ்கடலின் கடுங்குளிரில் வாழும் சிலவற்றுக்கு அதையும் விட நெடுங்காலம். காலாபகஸ் தீவுகளுக்கு அருகே ஏறத்தாழ 1,600 மீட்டர் ஆழத்தில், கடலடி வெந்நீர் ஊற்றுகளின் ஓரத்தில் பசிபிக் வெள்ளை ஸ்கேட்டின் முட்டைகள் குவிந்து கிடப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். 2018இல் அதை வெளியிட்டார்கள். பூமியின் உள்வெப்பத்தையே அடைகாக்கும் கூடாகப் பயன்படுத்திக்கொள்கிறது அந்த மீன் என்பது அவர்கள் முடிவு. கோழி அடைகாப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒருவகையில் பழகிய காட்சிதான். அடைகாப்பது எரிமலை என்பது மட்டும் புதிது.

குட்டி போடும் திருக்கைகளில் தாயின் கருப்பையில் சுரக்கும் பால் போன்ற திரவத்தைக் குட்டி உண்டு வளர்கிறது. பாலூட்டிகளுக்கே உரியது என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளும் ஒன்றை இவை வேறு வழியில் செய்து காட்டியிருக்கின்றன. இதன் உச்சம் கொம்புத் திருக்கை என்று நம் மீனவர்கள் அழைக்கும் மாண்டா. ஏழு மீட்டர் வரை சிறகு விரியும் இந்தப் பெருமீன் உண்பது கண்ணுக்கு அரிதாகத் தெரியும் மிதவை உயிர்களை. தலையின் இருபுறமும் கொம்பு போல் நீண்டிருப்பவை நீரை வாய்க்குள் திருப்பிவிடும் மடல்கள். மீன்களிலேயே உடல் அளவுக்கு மிகப் பெரிய மூளை உடையவற்றுள் ஒன்று இது. ஒவ்வொன்றின் வயிற்றிலும் உள்ள கரும்புள்ளிகள் நம் கைரேகை போலத் தனித்தன்மை உடையவை. அவற்றைப் படம் எடுத்தே ஆய்வாளர்கள் ஒவ்வொரு மீனையும் பெயரிட்டு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறார்கள். ஏறத்தாழ ஓராண்டு கருவைச் சுமந்து ஈனுவது ஒரே ஒரு குட்டி. அடுத்ததற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை ஆகலாம்.

இந்தக் கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டு பார்த்தால், ஒரு கொம்புத் திருக்கை வலையில் சிக்குவது மத்தி சிக்குவது போன்றதன்று என்பது விளங்கும். சீன மருந்துச் சந்தைக்காக அதன் செவுள் தட்டுகளுக்கு விலை கிடைக்கத் தொடங்கிய பிறகு, தற்செயலாகச் சிக்குவது போய்த் தேடிப் பிடிப்பதும் நிகழ்ந்தது. மாலத்தீவும் இந்தோனேசியாவும் 2014இல் இவற்றைக் காக்க முடிவெடுத்ததற்கு இரக்கம் மட்டும் காரணமில்லை. மாலத்தீவின் ஹனிஃபாரு விரிகுடாவில் தென்மேற்குப் பருவக் காலத்தில் கூட்டம் கூட்டமாக மாண்டாக்கள் இரை தேடிச் சுழலும். அதைக் காண உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள். இறந்த மாண்டா ஒருமுறை விலைபோகும், உயிருள்ளது ஆண்டுதோறும் வருமானம் தரும் என்ற எளிய கணக்கை அவர்கள் போட்டுப் பார்த்தார்கள்.

அடுத்து, சுறா என்று எல்லோரும் தவறாக எண்ணும் ஒரு திருக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேளா மீன். நீண்ட மூக்கின் இருபுறமும் பற்கள் வரிசையிட்ட வாள் மீன் அது. உடல் சுறாவைப் போல இருந்தாலும் செவுள்கள் அடிப்பக்கம் இருப்பதால் அது திருக்கையின் குலம். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாவின் கோட்டை நட்டு அதில் தெய்வத்தை ஏற்றி வழிபட்டதாகப் பட்டினப்பாலை சொல்கிறது. சுறாவுக்குக் கொம்பு ஏது? நட்டு வைக்கத்தக்க கோடு உடையது வேளா மீன்தான் என்பது என் கருத்து. அப்படியானால் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழன் வணங்கிய கடல் தெய்வத்தின் உறைவிடம் ஒரு திருக்கையின் மூக்கு. அந்த மூக்கிலும் மின்னை உணரும் குடுவைகள் நிறைந்துள்ளன. கலங்கிய நீரில் இரையைக் கண்டறிந்து, பக்கவாட்டில் வீசி அடித்து வீழ்த்துகிறது. தாய்க்குக் காயம் படாதிருக்கக் குட்டிகள் பிறக்கும்போது அந்த வாளை ஒரு மென்உறை மூடியிருக்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆணின் துணையின்றியே சில வேளா மீன்கள் பிறந்திருப்பதை மரபணுச் சோதனை வழியாக 2015இல் கண்டறிந்தார்கள். எண்ணிக்கை அருகிப்போய்த் துணை கிடைக்காத நிலையில் இயற்கை தேடிக்கொண்ட வழியாக இது இருக்கலாம் என்றார்கள்.

அருகிப்போனதற்கும் அந்த வாளே காரணம். நைலான் வலைகள் பரவிய பிறகு, பற்கள் உள்ள அந்த மூக்கு எந்த வலையில் பட்டாலும் சிக்கிக்கொண்டது. நம் கரையோர முதியவர்கள் சிறுவயதில் பார்த்ததாகச் சொல்லும் வேளாவை இன்றைய இளைஞர்களில் பெரும்பாலோர் பார்த்ததில்லை. அதன் உறவினரான உளுவையும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. உளுவையின் துடுப்பு உலகின் துடுப்புச் சந்தையில் மிக உயர்ந்த விலை பெறுவது. உளுவைக் குலத்தின் இரு பெருங்குடும்பங்களை 2019இல் ஆராய்ந்தபோது 16 இனங்களில் 15 மிக அபாயகரமான நிலையில் இருப்பதாகத் தெரியவந்தது.

வேடிக்கை என்னவென்றால், திருக்கையை நாம் அழிப்பதற்கு முன்பே, அது அழிக்கிறது என்ற பழியைச் சுமத்துவது வழக்கமாக இருந்திருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு பொய்த்துப் போனபோது, சிப்பியைத் திருக்கைகள் நொறுக்கித் தின்றுவிடுகின்றன என்பதும் ஒரு புகார். இலங்கை அரசின் அழைப்பில் 1902இல் வந்த லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மனும் அவருடைய உதவியாளர் ஜேம்ஸ் ஹார்னெலும் முத்துப் பார்களை ஆராய்ந்தார்கள். அவர்கள் எழுதிய ஐந்து தொகுதி அறிக்கை ஒரு புதிய கோணத்தைக் காட்டியது: முத்தின் கருவாக அமைவது ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம், அந்தப் புழு முழு வளர்ச்சி பெறுவது திருக்கையின் குடலில். அதாவது, திருக்கை இல்லாவிட்டால் முத்தும் இல்லை! பின்வந்த ஆய்வாளர்கள் இக்கொள்கையை ஏற்கவில்லை. ஆனால், குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்ட மீன் சில ஆண்டுகளேனும் முத்தின் தாயாகப் போற்றப்பட்டது.

இதே கதை அமெரிக்காவில் அண்மையில் நடந்தது. பெரிய சுறாக்கள் குறைந்ததால் திருக்கை பெருகி, சிப்பிகளைத் தின்று தீர்த்துவிட்டது என்று 2007இல் ஓர் ஆய்வு வெளியானது. உடனே, திருக்கையைத் தின்று விரிகுடாவைக் காப்பாற்றுங்கள் என்று செசபீக் கரையில் பிரசாரம் கிளம்பியது. அம்பெய்து கொல்லும் போட்டிகளும் நடந்தன. 2016இல் வேறு ஆய்வாளர்கள் அந்தத் தரவுகளை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது, திருக்கை பெருகியதாகச் சொல்லப்பட்ட காலத்துக்கு முன்பே சிப்பிகள் குறையத் தொடங்கியிருந்தது தெரிந்தது. ஆண்டுக்கு ஒரு குட்டி ஈனும் மீன் திடீரெனப் பல்கிப் பெருகுவது எப்படி என்ற எளிய கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்டிருக்கலாம். 2017இல் மேரிலாந்து மாநிலம் அந்தப் போட்டிகளை நிறுத்திவைத்தது.

சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அழிவின் விளிம்பை நோக்கிச் செல்வதாக 2021இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. விகிதத்தில் சுறாவைவிடத் திருக்கையின் நிலையே மோசம். நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பத்துச் சுறா, திருக்கை இனங்கள் சேர்க்கப்பட்டன. வேளா மீன்களும், ஓர் உளுவையும், முள்முதுகுத் திருக்கையும் அவற்றில் அடக்கம். பிறகு 2022இல் பட்டியல் மேலும் விரிந்தது. ஆனால், அட்டவணையில் இருப்பவை இலத்தீன் பெயர்கள். படகில் இருப்பவரின் வாயில் இருப்பவை வௌவால் திருக்கை, கொம்புத் திருக்கை, புள்ளித் திருக்கை என்ற பெயர்கள். அவையும் ஊருக்கு ஊர் மாறும். இரண்டையும் இணைக்கும் படங்களோடு கூடிய கையேடு ஒவ்வொரு இறங்குதளத்திலும் இருக்க வேண்டாமா? எந்த மீன் தடைசெய்யப்பட்டது என்று சொல்லாமல், பிடித்துவந்த பிறகு வழக்குப் போடுவது மீனவருக்கும் அநீதி, மீனுக்கும் பயனில்லை.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறதே என்று கேட்கலாம். ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சில மாதங்களில் வளர்ந்துவிடும் மீன்களுக்கு அது நல்ல ஏற்பாடு. பருவமடையவே பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, ஓராண்டு கருவைச் சுமக்கும் மீனுக்கு இரண்டு மாத ஓய்வு போதாது. அதற்குத் தேவை, இழுவலையில் உயிரோடு வந்த பெரிய திருக்கையை, குறிப்பாகச் சினையுற்றதை, திரும்ப விடுவதும், விட்டவருக்கு இழப்பு நேராமல் பார்த்துக்கொள்வதும். பல நாடுகளின் மீன்பிடிக் கணக்கேடுகளில் இன்றும் அத்தனை வகைகளும் ஒரே வரியில்தான் அடைகின்றன. அந்த ஒரு வரியின் எடை குறையாமல் இருக்கும்போதே அதற்குள் இருந்த ஓர் இனம் தீர்ந்துபோயிருக்கலாம். ஒன்று குறைய இன்னொன்று அந்த இடத்தை நிரப்பியிருக்கும்.

இழப்பீடு கொடுப்பதெல்லாம் நடக்கிற காரியமா என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2022 ஜூன் மாதம் கம்போடியாவில் மீகாங் ஆற்றில் ஒரு மீனவரின் தூண்டிலில் மாபெரும் நன்னீர்த் திருக்கை ஒன்று அகப்பட்டது. எடை 300 கிலோ. நீளம் ஏறத்தாழ நான்கு மீட்டர். பதிவான நன்னீர் மீன்களிலேயே அதுதான் மிகப் பெரியது. அவர் அதை அறுத்து விற்கவில்லை. அந்தப் பகுதியில் பணியாற்றிவந்த ஆய்வாளர்களுக்குத் தகவல் அனுப்பினார். அவர்கள் வந்து அளந்து, உடலில் ஒலிக்கருவி ஒன்றைப் பொருத்தி, மீனவருக்குச் சந்தை விலையைக் கொடுத்தார்கள். முழுநிலவு என்ற பொருளில் ஊரார் அதற்கு 'போராமி' என்று பெயரிட்டார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து அதை ஆற்றில் விட்டார்கள்.